மயக்க மருந்துச் செவிலியர் (அமெரிக்கா)

அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுத்து, நோயாளி கண்விழிக்கும்வரை மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணிக்கும் சிறப்புச் செவிலியர். அமெரிக்கச் செவிலியர் பணிகளில் மிக அதிக ஊதியம் இப்பணிக்கே. தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்குப்படி இடைநிலை ஆண்டு ஊதியம் 2,12,650 டாலர்; பதிவுபெற்ற செவிலியருக்கு 86,070 டாலர்.

செவிலியர் பட்டமும் உரிமமும் பெற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு பணியாற்றியிருக்க வேண்டும். பின்னர் மூன்றாண்டுப் படிப்பு, தேசியச் சான்றிதழ்த் தேர்வு. முன்பு முதுகலையே போதுமானதாக இருந்தது. 2022 முதல் புதிதாகச் சேர்வோருக்கு முனைவர் படிப்பு கட்டாயம். படிக்கும்போது வேலை பார்ப்பது பெரும்பாலும் இயலாது. எனவே படிப்புக்கான கடன்சுமையைக் கணக்கிடாமல் ஊதியத்தை மட்டும் பார்ப்பது தவறு. மருத்துவர் மேற்பார்வை குறித்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிராமப்புற மருத்துவமனைகள் பலவற்றில் மயக்க மருந்து கொடுப்பவர்கள் இச்செவிலியர்கள் மட்டுமே.