திருக்கோவலூரும் ஒரு பேரெண்ணும்

முகையூரை அடுத்துப் பெண்ணையாற்றின் தென்கரையில் விளங்கும் திருக்கோவலூரைத் தமிழ் மாணவர் கபிலராலும் மலையமானாலும் அறிவர். கணித வரலாற்றிலும் அவ்வூர்க்கு இடமுண்டு என்பதை நம்மவருள் பலர் நினைப்பதில்லை. 1910-இல் சீனிவாச இராமானுசன் வேலை தேடி அங்கு வந்தார். அக்காலத்தே அவ்வூர் தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. துணைக் கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயரிடம் எழுத்தர் பணியொன்றை வேண்டினார். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. குறிப்பேட்டைக் கண்ட ஐயர், அத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் அடக்க மனமின்றிப் பரிந்துரை மடல் அளித்துச் சென்னைக்கு அனுப்பினார். மறுத்தலே ஈண்டுக் கொடையாயிற்று.

பேரெண் பற்றிய பேச்சு எழின், ஐ, அம், பல் என இறும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பியர் கூறியதையும், தாமரை, வெள்ளம், ஆம்பல் என்னும் உரைகாரர் காட்டுகளையும் எடுத்துரைத்து அமைதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அப்பெயர்கள் தமிழர் பெருந்தொகைகளை எண்ணத் துணிந்தமைக்குச் சான்றாகும். அவ்வெண்களின் இயல்பை அறிந்தனர் என்பதற்கு அவை மட்டுமே சான்றாகா. பகுப்பின் பயனை நம் முன்னோர் உணர்ந்தமையை நாழிகைக் கணக்கிற் காண்டல் தகும். நாளொன்றுக்கு நாழிகை 60. அவ்வெண்ணுக்கு வகுத்திகள் 12. அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை.

இத்தகைய எண்களையே, யாம் மிகுபகு எண்கள் எனக் கூறுவனவற்றையே, இராமானுசன் 1915-இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் ஆராய்ந்தார். அவர்தம் பட்டியலின் இறுதியெண் 6746328388800. அஃதாவது ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடிக்கும் மேற்பட்டது. 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியன இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியன ஒவ்வொரு முறையும் பெருகி அவ்வெண் ஆகிறது. ஒவ்வொரு முறைத்தொகையுடனும் ஒன்று கூட்டிப் பெருக்க, வகுத்திகள் 10080 எனப் போதரும். பகா எண் பெரிதாகுந்தோறும் முறை மிகாமை நோக்கத்தக்கது. மிகுமாயின் இரண்டன் முறைகளையும் மாற்றியமைத்து, அதே வகுத்தித் தொகையுடைய சிற்றெண் ஒன்றைப் பெறலாம். 18-க்கும் 12-க்கும் வகுத்திகள் ஆறே. ஆதலின் 18 மிகுபகு எண் ஆகாது.

அப்பட்டியலில் 102 எண்கள் உள்ளன. 293318625600 என்பது விடுபட்டது. அதன் வகுத்திகள் 5040. அதனை 23-ஆற் பெருக்கின் பட்டியலின் இறுதியெண்ணே கிடைத்தலின், ஏடு பெயர்த்தெழுதுவோர் ஒரு வரியைத் தாண்டிச் செல்லும் விடுபாடு போன்றதே இஃது என்று கருதுகின்றோம். தேற்றங்களுக்கு இதனால் ஊறு இல்லை. பதிப்பாசிரியர் இதனை வாளா நிரப்பிவிடாது, விடுபட்டமையைக் குறித்து நிரப்புதலே முறை.

இக்கட்டுரைக்காகவே 1916-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவர்க்குப் பட்டம் வழங்கிற்று. கழகத்தின் பொருள்முடையால் அன்று அச்சேறாது நின்ற பகுதி, 1997-இல் நிக்கோலா, இராபின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரின் குறிப்புகளுடன் வெளிவந்தது.