சிற்றூர்த் தேநீர்க்கடையும் இரண்டு குவளைகளும்

தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் பேருந்தைவிட்டு இறங்கும் வெளியூரார் பெரும்பாலும் முதலில் காண்பது தேநீர்க்கடையையே. ஒரு பாய்லர், வடிகட்டும் துணிப்பை, கண்ணாடிக் குவளைகள், இரண்டு மரப்பெஞ்சுகள் ஆகியவையே அதன் உடைமை. ஆயினும் வழி கேட்போரும், வயலுக்குச் செல்வோரும், செய்தித்தாள் படிக்கக் கேட்போரும் ஒருங்கே கூடும் பொதுவிடம் அது. கோயிலும் சாவடியும் போலத் தொன்மையானதாகத் தோன்றினும், தேநீர்க்கடை அண்மைக்கால வரவே.

தேயிலை, இந்நாட்டார் அருந்துவதற்கென்று இங்குப் பயிரிடப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டில் அசாமிலும் நீலகிரியிலும் இலங்கையிலும் ஆங்கிலேயர் அமைத்த தோட்டங்கள் ஏற்றுமதியை நம்பியே இருந்தன. தென்னிந்திய மலைகளிலும் இலங்கையிலும் கொழுந்து பறிக்கத் தமிழகச் சிற்றூர்களிலிருந்து பல்லாயிரவர் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள்.

தேயிலை விற்பனையைப் பெருக்க 1903இல் சட்டத்தின்வழி ஏற்றுமதித் தேயிலைமீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் விலை சரிந்தது. 1933ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை ஏற்றுமதியையும் மட்டுப்படுத்தியது. எஞ்சிய சரக்கை உள்நாட்டிலேயே விற்க வேண்டியதாயிற்று. தேநீர் தயாரிக்கும் முறையை மக்கள் கூடுமிடங்களில் செய்துகாட்டினர், இலவசமாகவும் வழங்கினர், புகைவண்டி நிலையங்களில் விளம்பரப் பலகைகளை நாட்டினர். 1930களின் தொடக்கத்தில் அசாமில் உருவான சி.டி.சி. இயந்திரம் பின்னர் பரவலானபோது, சிறிதளவு தூளில் கடுமையான சாயம் இறக்கலாம் என்ற நிலை வந்தது. காப்பி நடுத்தர வகுப்பு வீடுகளின் பெருமையாக நிற்க, தேநீர் உழைப்போரின் பானமாயிற்று.

பானத்தோடு செய்தியும் வந்தது. 1942இல் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி எளிய நடையால் கடைப் பெஞ்சுகளில் இடம்பிடித்தது. எழுத்தறியாதாரும் ஒருவர் படிக்கக் கேட்டு உலகை அறிந்தனர். “இங்கு அரசியல் பேசக் கூடாது” என்று எழுதி மாட்டிய கடைகள் பல. அங்கு அரசியல் எவ்வளவு பேசப்பட்டது என்பதற்கு அவ்வறிவிப்பே சான்று.

ஆயினும் அப்பெஞ்சு எல்லார்க்கும் உரியதாக இருந்ததில்லை. பல ஊர்களில் ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தனிக்குவளை வைக்கப்பட்டது. சில இடங்களில் கொட்டாங்கச்சி தரப்பட்டது. அவர்கள் நின்றோ தரையில் குந்தியோ குடித்து, தம் குவளையைத் தாமே கழுவிவைக்க வேண்டும். இதில் ஒரு முரண் உண்டு. பேருந்து நிற்கும் சிறுபொழுதில் இறங்கிய வழிப்போக்கரின் சாதியைக் கடைக்காரர் அறியார். எனவே அவருக்குப் பொதுக்குவளை கிடைத்துவிடும். அவ்வூரிலேயே பிறந்து, அவ்வூர் வயலில் உழைத்தவர்க்கோ அது கிடைக்காது. அவரே அயலூருக்குச் சென்றால் அங்கே பொதுக்குவளையில் குடிக்கலாம். அறியாதவரை ஏற்ற கடை, அறிந்தவரை விலக்கியது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பெயரால் தடை கூடாதென 15ஆம் பிரிவு கூறியது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் இக்கொடுமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1989இல் கடுமையான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. ஆனால் முறையிட வேண்டியவரின் அன்றாடக் கூலி, பெஞ்சில் அமர்ந்திருப்பவரின் கையில் இருந்தது. ஆகவே சட்டம் ஊர் எல்லையைத் தாண்டத் தயங்கியது. திராவிட இயக்கத்தாரும் இடதுசாரிகளும் தலித் அமைப்புகளும் பல ஊர்களில் போராடிய பின்னரே தனிக்குவளைகள் அகன்றன. அதற்குப் பின்னும் 2000ஆம் ஆண்டை அடுத்து நடந்த கள ஆய்வுகள் இம்முறை எஞ்சியிருந்ததைக் காட்டின. சில இடங்களில் அது வீசியெறியும் தாள்குவளையாக உருமாறியது.

மலையேறிக் கொழுந்து பறித்த கைகளுக்கும், ஊரில் தனிக்குவளை ஏந்திய கைகளுக்கும் உறவு உண்டு. அட்டைக்கடியிலும் பனியிலும் அக்கைகள் பறித்த இலை ஊர் முழுவதையும் ஒரு கூரைக்கீழ்க் கூட்டியது. பறித்தவரின் உறவினர் மட்டும் அக்கூரைக்கு வெளியே நின்றனர். தேநீர்க்கடை சிற்றூருக்குப் பொதுவிடம் என்னும் எண்ணத்தை அளித்தது என்பது மெய்யே. அவ்வெண்ணம் முழுமை பெறுவது, வெளியூரார்க்குக் கேள்வியின்றி நீட்டப்படும் குவளை உள்ளூரார் அனைவர்க்கும் அவ்வாறே நீட்டப்படும்போதுதான்.