சாயம் போகாத சிவப்பு: மன்னார் வேரும் நம் ஒட்டுப்போர்வையும்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

வெட்டுத்துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைத்து விற்கும் சகோதரிகள் நம் கரையோர ஊர்களில் இருக்கிறார்கள். சாரன் நெய்கிற ஊர்களில் மிச்சத் துண்டுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான். வாரக்கணக்காக இருந்து தைத்த போர்வை, முதல் கழுவலிலேயே சிவப்புத் துண்டில் சாயம் இறங்கி, பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஸ் நிறமாகிவிடுகிறது. வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து போடுகிறார். கழுவின விதம் பிழை என்று ஒரு பக்கம், துணி பிழை என்று மறுபக்கம். கடைசியில் நட்டம் தைத்தவருக்கு. "உப்புத் தண்ணியில ஊறப்போட்டிருந்தா இது வந்திருக்காது" என்று ஒரு மூத்தம்மா தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

இந்தச் சண்டைக்கு முந்நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பங்கு நம் நாட்டு மணலுக்குள்ளிருந்து கிண்டி எடுக்கப்பட்டது.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான இடங்களில் இம்பூறல் என்றொரு சிறு பூண்டு தானாக முளைக்கும். பார்த்தால் மிதித்துவிட்டுப் போகக்கூடிய செடி. மதிப்பு அதன் வேருக்குத்தான். சாயவேர் என்பார்கள். அந்த மெல்லிய வேரின் தோலில் சிவப்புச் சாயம் இருக்கிறது. ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்ததும் அந்த வேரும் கம்பனியின் சொத்தாயிற்று. வேர் கிண்டுவது குறிப்பிட்ட குடிகள்மேல் சுமத்தப்பட்ட ஊழியம். இத்தனை நிறை கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கம்பனி வைத்த விலைதான் விலை. 1796இல் பிரித்தானியர் வந்த பிறகும் அரசாங்கம் அந்த வருமானத்தை உடனே கைவிடவில்லை. வெயிலில் குனிந்து மணலைத் தோண்டியவர்களின் பெயர் ஒன்றும் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. பட்டயங்களும் ஆளுநர்களும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள்.

கிண்டிய வேர் கடலைத் தாண்டிச் சோழமண்டலக் கரைக்குப் போனது. மரக்காயர்மார் தோணியேற்றி நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விற்ற துணிகளும் அந்தக் கரையில் நெய்து சாயமிட்டவைதான். அங்கே நடந்த வேலையைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும்.

வேரை அவித்த தண்ணீரில் பருத்தியை முக்கினால் நிறம் ஏறும், நிற்காது. அந்தச் சிவப்புக்குப் பருத்தி நூலைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. படிகாரம்தான் இடையில் நின்று ஒரு கையால் நூலையும் மறுகையால் சாயத்தையும் பிடிக்கிறது. படிகாரம் நூலில் நன்றாகத் தங்குவதற்கு முதலில் துணியைக் கடுக்காயில் ஊறவைப்பார்கள். அதோடு எருமைப்பாலும் சேரும். பாலின் கொழுப்பு துணியில் இருந்தால், படிகார நீரைத் தொட்டுக் கோடு கீறும்போது அது பக்கத்தில் பரவாது. கீறிய இடத்திலேயே நிற்கும். பிறகுதான் சாயவேர் அவியும் பானை. படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவப்பாகும், மற்ற இடத்தில் வெறும் அழுக்கு நிறம். அந்த அழுக்கு நிறத்தைப் போக்கச் சாணத் தண்ணீரில் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் அலசி, ஆற்றங்கரையில் விரித்து, காயக்காயத் தண்ணீர் தெளித்துப் பல நாள் வெயிலில் போடுவார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிப் பகுதியை. பிடிக்காத சாயம் அத்தனையும் சாயக்காரரின் ஆற்றிலேயே போய் முடிந்தது. வாங்கியவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, போக வேண்டியதெல்லாம் ஏற்கெனவே போய்விட்ட துணி.

இப்படிச் செய்த சீத்தைத் துணி ஐரோப்பாவுக்குப் போனபோது அங்குள்ளவர்களுக்கு ஆச்சரியம். கழுவினால் மங்காத பூப்போட்ட பருத்தியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. தங்கள் கம்பளி, பட்டு வியாபாரம் விழுகிறது என்று பிரான்ஸ் 1686இல் அதைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1721இல் சட்டம் போட்டது. உடுப்பாக உடுக்க மட்டுமல்ல, கட்டில், கதிரை, தலையணை, திரை என்று வீட்டுச் சாமானில் பாவிக்கவும் கூடாது என்றது சட்டம். அப்படியென்றால் எத்தனை வீட்டில் அது இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுப்போர்வையாகச் சொல்லப்படுவது லெவன்ஸ் ஹோல் என்ற மாளிகையில் இருக்கிறது. 1708ஆம் ஆண்டளவில் தைத்தது என்பார்கள். அதில் ஒட்டியிருக்கும் துண்டுகள் இந்தியச் சீத்தைகள். இன்றைக்கு வெள்ளைக்காரர் கலை என்று நம் பிள்ளைகள் யூடியூபில் பார்த்துப் பழகும் ஒட்டுப்போர்வை வேலையில், அந்த நாட்டின் மிகப் பழைய துண்டுகளே நம் பக்கத்துக் கடலைத் தாண்டிப் போனவை.

தடை ஒரு பக்கம் இருக்க, இரகசியத்தைத் தேடும் வேலையும் நடந்தது. பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி போலியூ என்பவர் 1730களில் புதுச்சேரியில் இருந்து ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்து, குறிப்போடு சேர்த்து அனுப்பினார். பிரெஞ்சுப் பாதிரியார் கூர்தூ, 1742இல் எழுதிய கடிதத்தில் கடுக்காய், எருமைப்பால் தொடங்கி முழு முறையையும் விபரித்தார். அதை அவருக்குச் சொன்னவர்கள் அவரிடம் புதிதாக மதம் மாறியிருந்த சாயத் தொழிலாளிகள். அவர்களுக்கு அதற்கு என்ன கிடைத்தது என்பதை வாசிப்பவர்களே ஊகிக்கலாம்.

இதே சிவப்புக்கு இன்னொரு வழி துருக்கியில் இருந்தது. அங்கே வேர் வேறு, மஞ்சிட்டி இனம். ஆனால் உள்ளே இருக்கும் சாயப்பொருள் ஒன்றுதான். அந்த வேருக்குக் கீழைத்தேய வியாபாரிகள் சொன்ன 'அலிசாரி' என்ற பெயரிலிருந்துதான் 'அலிசரின்' என்ற இரசாயனப் பெயர் வந்தது. நூலை எண்ணெயிலும் சாணத்திலும் படிகாரத்திலும் மாறிமாறி ஊறவைத்துக் காயவைக்கும் அந்த வேலை வாரக்கணக்கில் இழுக்கும். 1747அளவில் பிரான்சின் ரூவான் பகுதிக்குக் கிரேக்கச் சாயக்காரர்களைக் கூட்டிவந்து அதைத் தொடங்கினார்கள். 1785இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவுக்கும் வந்தது. பிறகு அந்தத் 'துருக்கிச் சிவப்பு'த் துணி கப்பல் கப்பலாக இந்தியாவுக்கே விற்பனைக்கு வந்தது!

அமெரிக்கப் பெண்கள் 1840களிலிருந்து தைத்த சிவப்பு, பச்சை ஒட்டுப்போர்வைகளில் இருப்பது பெரும்பாலும் இந்தச் சிவப்புத்தான். மற்றத் துணியைவிட விலை கூட. ஆனாலும் வாங்கினார்கள், ஏனென்றால் வெள்ளைப் பின்னணியில் அதை நம்பித் தைக்கலாம். இன்றும் பழைய போர்வைகளில் அந்தச் சிவப்புத் துண்டு உரசித் தேய்ந்திருக்கும். பக்கத்து வெள்ளையில் கசிந்திருக்காது.

1869இல் அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து செய்யும் முறைக்கு உரிமை பதிந்தார்கள். வேர்களின் காலம் முடியத் தொடங்கியது. அதைவிடப் பெரிய மாற்றம் 1884இல் வந்த கொங்கோ ரெட். படிகாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பானையில் போட்டால் பருத்தி நேரடியாகக் குடித்துவிடும். மலிவு, வேகம். ஆனால் அது நூலோடு இறுகுவதில்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அமிலம் பட்டால் நீலமாகும் என்பது விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த வகை நேர்ச்சாயங்கள் வந்தபிறகு தைத்த போர்வைகளில்தான் ரோஸ் கசிவு பெருகியது. சாயக்காரர் விட்ட வேலை வீட்டுப் பேசனுக்கு மாறியது.

இடையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1958இல் கிருஷ்ணன் நாயர் என்ற இந்திய வியாபாரி அமெரிக்காவுக்கு மெட்ராஸ் கட்டத்துணி விற்றார். குளிர்ந்த தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்ற தகவல் வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. சேட்டெல்லாம் சாயம் ஓடி ஒரே முறைப்பாடு. கடைசியில் "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்றே விளம்பரம் போட்டு, அதையே ஒரு நாகரிகமாக்கி விற்றுத் தீர்த்தார்கள் என்று கதை. நம் சகோதரிகளுக்கு அந்த விளம்பரக்காரர் கிடைக்கமாட்டார்.

1956இல் சந்தைக்கு வந்த 'ரியாக்டிவ்' சாயம் பருத்தியோடு இரசாயனப் பிணைப்பாகவே சேரும். நல்ல சாயம். ஆனால் சாயப்பானையில் ஒரு பங்கு நூலைப் பிடிக்காமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகி, துணியில் சும்மா தங்கிவிடும். அதைக் கொதிக்கும் சவர்க்காரத் தண்ணீரில் பலமுறை அலசி எடுக்க வேண்டும். விறகும் தண்ணீரும் நேரமும் போவது அதில்தான். செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர் முதலில் கைவைப்பதும் அதில்தான். ஆகவே நல்ல சாயம் போட்ட துணியும் சாயம் விடும். குற்றம் கழுவிய வீட்டாரிடம் இல்லை. அந்தக் கடைசி அலசலுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உப்பும் வினாகிரியும் பற்றி. சாயப்பானையில் உப்புக்கு வேலை உண்டு, சாயத்தை நூலுக்குள் தள்ளும். கழுவும் வாளியில் போட்டால், இளகி நிற்கும் சாயத்தை வெள்ளைத் துண்டுக்குள்ளும் அது தள்ளக்கூடும். வினாகிரி கம்பளி, பட்டுச் சாயத்துக்கு உதவும் பொருள், பருத்திக்கு அல்ல.

அப்படியானால் என்ன செய்யலாம்? வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு நிறத்தையும் வேறாக, சுடுதண்ணீரில் சலவைத்தூள் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். சாயக்காரர் செய்யாமல் விட்ட வேலையை நாம் செய்து முடிக்கிறோம். பிறகு ஈரமாகவே ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அயன் பண்ணிப் பாருங்கள். வெள்ளையில் நிறம் பிடித்தால் இன்னும் முடியவில்லை. ஐந்து தடவைக்கு மேலும் தண்ணீர் சிவந்தால் அது நேர்ச்சாயமாக இருக்கலாம். அதை வெள்ளையோடு சேர்க்காதீர்கள், கடும் நிறங்களோடு வைத்துத் தைக்கலாம்.

தைத்து முடித்த போர்வையில் சாயம் இறங்கிவிட்டதா? காயவிடாதீர்கள், அயன் பண்ணாதீர்கள். காய்ந்தால் கறை இறுகும். பெரிய தொட்டியில் கை வைக்க முடியாத அளவு, 60 பாகை அளவில் சுடுதண்ணீர் நிரப்பி, வெளுப்பான் இல்லாத சலவைத் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, போர்வை முழுதும் மூழ்கும்படி தளர்வாகப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். மடிப்பு ஒன்றும் தண்ணீருக்கு மேலே நிற்கக்கூடாது. காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் ஊற்றிவிட்டுத் திரும்பவும். இரண்டு மூன்று தடவையும் ஆகலாம். சலவைத் திரவம் இளகிய சாயத்தைத் தண்ணீரில் மிதக்கவே வைத்திருக்கும். தண்ணீர் குறைவென்றால் அது திரும்ப வெள்ளையில் போய் உட்காரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தொட்டிப் பக்கம் கவனம். பட்டும் கம்பளியும் கலந்த போர்வைக்கு இந்த முறை ஆகாது.

இன்னொன்று. முன்கழுவலுக்குப் போகும் தண்ணீர், சலவைத்தூள், கூலி எல்லாவற்றையும் போர்வையின் விலையில் சேர்த்துச் சொல்லுங்கள். வாங்குபவர்களும் கேட்டுக்கொடுங்கள். நெசவுக்காரக் காக்காமாரிடம் நூல் எங்கே சாயமிட்டது, கடைசியில் கொதிக்கவைத்து அலசினார்களா என்று விசாரிப்பதில் பிழையில்லை.

யாருடைய வீட்டிலாவது உம்மம்மா காலத்துச் சீத்தைத் துணியோ பழைய ஒட்டு விரிப்போ பெட்டகத்தில் கிடந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். அந்தச் சிவப்பைக் கிட்டவாக எடுங்கள். தயவுசெய்து கழுவிவிட்டு எடுக்காதீர்கள், நூல் தாங்காது.