இரண்டு மூலைகள்: பெர்லினில் பொருந்துதலின் பொருள்

பழைய தெருவில் எழும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு அத்தெருவோடு பொருந்துகிறதா என்று கேட்டால், நம் கண் முதலில் முகப்பைத்தான் தேடுகிறது: சன்னல் சட்டம், சுவரின் நிறம், சுதை வேலை. மனையின் விதிகளில் தேட வேண்டியதை முகத்தில் தேடுகிறோம் என்பது என் வாதம். 1980களில் மேற்கு பெர்லின் நடத்திய பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சியின் இரண்டு மூலைக் கட்டடங்கள் அதற்குச் சான்று.

அங்கே 'பழமை' என்று எதைச் சொல்கிறோம்? பெர்லினின் பழைய குடியிருப்புகளில் பெரும்பகுதி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாடகை வருமானத்துக்காகவே கட்டப்பட்டவை. 1862இன் ஹோப்ரெக்ட் திட்டம் தெருக்களை வகுத்தது. அவற்றுக்கு இடைப்பட்ட பெரிய மனைத்தொகுதிகளின் உட்புறத்தை உரிமையாளர்களிடமே விட்டுவிட்டது. 1853இன் கட்டட விதி முற்றத்துக்குக் கேட்ட குறைந்தபட்ச அளவு 5.34 மீட்டர் சதுரம். அதுவும் தீயணைப்பு வண்டி திரும்புவதற்காக. குடியிருப்பவரின் காற்றுக்காக அல்ல. தெருவைப் பார்த்த வீட்டில் சுதைப்பூ, மூன்றாம் முற்றத்தில் வெயில் எட்டாத அறை. 'வாடகைப் பாசறை' என்றே மக்கள் அவற்றை அழைத்தார்கள். இந்த முகப்பை இன்று நகலெடுப்பவர், அறியாமலே அதன் பொய்யையும் நகலெடுக்கிறார்.

ஆனால் அதே தெரு நல்ல பழக்கங்கள் சிலவற்றையும் வைத்திருந்தது: சாலைக்கோட்டை விட்டு விலகாத சுவர், சுமார் 22 மீட்டரில் ஒத்துப்போன கூரைவிளிம்பு, கீழ்த்தளக் கடைகள். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் தப்பியவற்றையும் போருக்குப் பிந்தைய இடிப்புத் திட்டங்கள் குலைத்தன. கண்காட்சியின் புதுக்கட்டடப் பிரிவை நடத்திய யோசெஃப் பவுல் கிளைஹூஸ் இந்தத் தெருக்கோட்டை மீட்க முயன்றார். பழைய கட்டடப் பிரிவின் ஹார்ட்-வால்தெர் ஹேமர், குடியிருப்போரை வெளியேற்றாமல் வீடுகளைச் செப்பனிடும் வழியைப் பிடித்தார்.

கிளைஹூஸின் பகுதியில், வில்ஹெல்ம் தெருவும் கோஹ் தெருவும் சந்திக்கும் மூலையில் கட்டடக் கலைஞர் ஆல்டோ ரோஸியின் குடியிருப்பு நிற்கிறது. செங்கல் பட்டைகள், முனையில் பருத்த வெள்ளைத் தூண் ஒன்று. அத்தூண் வெனிசின் கால்வாய்க் கரையில் 15ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் ஃபிலாரெட்டே விட்டுச்சென்ற தூணை நினைவூட்டுவது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பெர்லின் மூலைக்கு வெனிசின் நினைவு எதற்கு?

ஹேமரின் பகுதியான குரோய்ட்ஸ்பெர்கில், ஷ்லேசிஷ தெருவின் மூலையில், அல்வாரோ சீசாவுக்கு அப்படி எந்த மேற்கோளும் தேவைப்படவில்லை. போர்ச்சுகலுக்கு வெளியே அவர் கட்டிய முதல் கட்டடம் அது. சாம்பல் பூச்சுச் சுவர், ஒரே அளவான சன்னல்களின் வரிசை, மூலையில் வளைந்து உயரும் விளிம்பு, கீழே கடைகள். சுதைப்பூ ஒன்றுகூட இல்லை. ஆயினும் அறுந்து கிடந்த மனைத்தொகுதி அந்த வளைவில் மூடிக்கொள்கிறது.

எதிர்வாதம் சுவரிலேயே எழுதப்பட்டது. யாரோ உச்சியில் ஏறி, பிரெஞ்சு எழுத்தாளர் சகானின் நாவல் தலைப்பான 'போன்ழூர் திரிஸ்தெஸ்' என்பதைத் தீட்டிவிட்டுப் போனார். 'வணக்கம், துயரமே' என்று பொருள். கட்டடத்துக்கு அதுவே பெயராகி நிலைத்தது. சன்னல்களின் சலிப்பு உண்மையானது, குறைந்த செலவில் கட்டிய பொதுவீடுகளின் சலிப்பு அது. ஆனால் கேலி செய்தவர் நின்று பார்த்ததும் முகப்பைத்தான். ஹோப்ரெக்ட் திட்டம் உரிமையாளர்களுக்கு விட்டுக்கொடுத்த அந்த மனைத்தொகுதியிலேயே சீசா ஒரு மழலையர் பள்ளியையும் முதியோர் மன்றத்தையும் கட்டினார்.