அறுகும் அரிவாளும்

சென்ற சித்திரையில் நண்பர்கள் நால்வராக அதியமான்கோட்டைக்குச் சென்றிருந்தோம். சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்து ஓவியங்களைக் காண்பதே நோக்கம். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தோம். அவற்றைப் பற்றித் தனியே எழுதவேண்டும், எழுதுவோம். இன்று சொல்ல வந்தது, கோயிலைவிட்டு வெளியே வந்தபின் கண்ட ஒரு சிறு காட்சியும் அது இழுத்துச்சென்ற வரலாறும்.

ஊரின் ஓரத்தில் ஒரு வரப்பில் மூதாட்டி ஒருவர் கருக்கரிவாளால் அறுகம்புல் அறுத்துக்கொண்டிருந்தார். இடக்கையால் கொத்தாகப் பிடித்து, தரைக்குமேல் இரண்டு விரற்கடை விட்டு, ஒரே இழுப்பு. "அடியோட அறுத்தா இன்னும் கொஞ்சம் கிடைக்குமே பாட்டி?" என்றார் எங்களில் ஒருவர். "அடியோட அறுத்துட்டா அடுத்த வாரம் மாடு என்னத்தைத் தின்னுங்க?" என்றார் அவர், நிமிராமலேயே.

அன்று மாலை தருமபுரிக்குத் திரும்பினோம். 7 கிலோமீட்டர் தொலைவுதான். அங்கே ஒரு வளாகத்தின் முன்னால் (பெயர் வேண்டாம்) காசு கொடுத்து வளர்த்த புல்தரை ஒன்று வைக்கோல் நிறத்தில் கிடந்தது. ஏதோ விழாவுக்காக இயந்திரத்தைக் கடைசிப் பல்லுக்கு இறக்கி, மண் தெரியும்வரை மழித்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் அதுவும் அறுகுதான்! மேலைநாட்டார் பெர்முடா புல் என்று அழைப்பதும், வடக்கே தூப் என்பதும், சங்கப் பாடலில் அறுகை என வருவதும் இந்த ஒரே புல்லைத்தான். வரப்பில் இருந்தால் தீவனம், வயலில் இருந்தால் களை, பிள்ளையார் தலையில் இருந்தால் அருச்சனை, வளாகத்தில் இருந்தால் புல்தரை.

தருமபுரியில் நின்றுகொண்டு தோட்டத்தைப் பற்றி நினைத்தால் தாமஸ் மன்றோ நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கு வந்தவர் அவர். 1799 வரை இப்பகுதியில் நில அளவையிலும் வரி நிர்ணயத்திலும் உழன்றார். ரயத்துவாரி முறையின் தொட்டில் இந்த மண்தான் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. அந்த மனிதர் தருமபுரியில் ஒரு தோட்டம் வளர்த்தார். அதன்மேல் அவருக்கிருந்த பற்று அவருடைய கடிதங்களில் வெளிப்படுகிறது. ஆனால் அவர் காலத்தில் புல்வெட்டும் இயந்திரம் என்ற ஒன்று உலகில் எங்கும் இல்லை. இங்கிலாந்தின் பெருமாளிகைகளிலேகூட நீண்ட பிடியுள்ள பெரிய அரிவாளை வீசி, பனி ஈரம் காயுமுன் விடியற்காலையில் புல்லை அறுத்தார்கள். ஈரப்புல்தான் அந்த அரிவாளுக்கு இணங்கும்.

நம் நாட்டில் வெள்ளையர் வீடுகளின் புல் வேறொரு கையை நம்பியிருந்தது. குதிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு குதிரைக்காரன், ஒரு புல்லறுப்பவர். 1836 முதல் 1839 வரை சென்னை மாகாணத்திலிருந்து கடிதங்கள் எழுதிய ஜூலியா மெயிட்லண்ட், இங்கே குதிரைக்கு ஒரு பணியாளும் அதற்குப் புல் அறுக்க ஒரு பணிப்பெண்ணும் இருப்பதை வியப்போடு குறித்திருக்கிறார். அந்தப் பெண்களில் ஒருவருடைய பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. புல்லின் வரலாற்றை எழுத முற்பட்டால் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான்.

இயந்திரம் வந்தது 1830இல். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதி கம்பளித்துணி ஆலைகளுக்குப் பேர்பெற்றது. நெய்த துணியின் மேல் சிலிர்த்து நிற்கும் நூலிழைகளைச் சீராகக் கத்தரிக்க, சுழலும் உருளையில் கத்திகள் பொருத்திய கருவி அங்கே இருந்தது. எட்வின் பட்டிங் என்பவர் அதைப் பார்த்துவிட்டு, துணிக்குச் செய்வதைப் புல்லுக்கும் செய்தால் என்ன என்று எண்ணினார். 19 அங்குல அகலத்தில் இரும்பு இயந்திரம் உருவாயிற்று. கனவான்கள் இதைத் தாமே தள்ளினால் நல்ல உடற்பயிற்சியாகவும் பொழுதுபோக்காகவும் அமையும் என்று காப்புரிமை விண்ணப்பத்திலேயே ஆசை காட்டியிருந்தார். காய்ந்த புல்லையும் வெட்டும் என்பதால் விடியலில் எழவேண்டிய தேவையும் போயிற்று. அதே 1830இல்தான் கிளைக் எழுதிய மன்றோவின் வாழ்க்கை வரலாறு லண்டனில் வெளிவந்தது. மன்றோ 1827இலேயே பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்துவிட்டிருந்தார்.

ஆக, புல்தரை இயந்திரத்தின் மூதாதை ஒரு துணிக்கருவி. பரப்பு சமமாக இருக்கவேண்டும் என்பதுதான் துணியின் நியதி. துணிக்கு வேர் கிடையாது, புல்லுக்கு உண்டு!

வேரைப் பற்றிய செய்தியை 1955இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட ஓர் ஆய்வு தெளிவாகச் சொன்னது. கிரைடர் என்னும் அறிஞர் பலவகைப் புற்களை வெவ்வேறு அளவில் வெட்டிப் பார்த்தார். இலைப்பகுதியில் பாதியோ அதற்கு மேலோ ஒரே வெட்டில் போனால், ஒரு வகை நீங்கலாக மற்றவற்றில் வேர் வளர்ச்சி சில காலம் அப்படியே நின்றுபோயிற்று. ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே என்று இன்று தோட்டக்கலை நூல்கள் கூறும் விதி இந்தக் கருத்தோடு ஒத்துப்போவது. கோடையில் இது இன்னும் முக்கியம். மேலே நிற்கும் இலை மண்ணுக்கு நிழல். அதை மழித்துவிட்டால் வெயில் நேரே மண்ணில் இறங்கி ஈரத்தைக் குடித்துவிடும். ஆகவே சித்திரை, வைகாசியில் இயந்திரத்தை ஒரு படி உயர்த்தவேண்டும். மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கும், கிழிந்த நுனி பழுக்கும். ஆதலால் சாணை பிடித்த கத்தி வேண்டும். வெட்டிய துணுக்குகளை வாரிக் கொட்டாமல் அங்கேயே விட்டால் அவை மட்கி உரமாகும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, சிலநாட்களுக்கு ஒருமுறை விடியலில் ஆழ நனையவிடுவது நல்லது. நீரே இல்லையென்றால்? அறுகை விட்டுவிடலாம். பழுத்துக் கிடக்கும், தரையடித் தண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். மணமக்களை வாழ்த்தும்போது ஆலோடு அறுகையும் சேர்த்துச் சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை.

அந்த வளாகத்துத் தோட்டக்காரரிடம் இதையெல்லாம் சொல்லப் புறப்பட்டோம் என்பதை இப்போது எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதுங்களா? எங்க வூட்லயும் மாடு இருக்குதுங்க. விழாவுக்கு வர்றவங்க கண்ணுக்கு விரிச்ச ஜமுக்காளம் மாதிரி இருக்கணும்னு சொன்னாங்க, வழிச்சிட்டேன்" என்றார்.

சுவரோரம், இயந்திரம் எட்டாத ஒரு முழ அகலத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றது. அதை அவர் மாலையில் அரிவாளால் அறுத்து வீட்டுக்கு எடுத்துச்செல்வாராம்.