ஏரிக்கரைச் சிற்றூரும் அதனைத் தேடிச் சென்றோரும்

பயணம் என்பது ஊர்தியில் ஏறும்பொழுது தொடங்குவதன்று. இன்ன ஊரைக் காணல் வேண்டும் என்ற எண்ணம் உள்ளத்தில் எழும்பொழுதே அது தொடங்கிவிடுகின்றது. அவ்வெண்ணத்தை எழுப்பியது யாது என்பதைப் பொறுத்தே, அங்குச் சென்றபின் கண் எதனைக் காணும், எதனைக் காணாது விடும் என்பதும் அமைகின்றது. சுவிற்சர்லாந்து தேசத்திலே, ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள கிளாரன்ஸ் என்னும் சிற்றூரின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும்.

ஜெனீவா ஏரி பிறை வடிவினது. ஏறக்குறைய 73 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்குக் கோடிக்கு அண்மையில், வடகரையிலே, வெவே என்னும் நகருக்கும் ஷியோன் என்னும் பழங்கோட்டைக்கும் இடையே கிளாரன்ஸ் அமைந்துள்ளது. எதிர்க்கரையில் சவோய் நாட்டு மலைகள் நீரினின்றும் நிமிர்ந்தெழுகின்றன. லொசான் நகரின் புறத்தே தொடங்கி ஷியோன் வரை செல்லும் இக்கரைச் சரிவுகளிற் கற்சுவர்கள் எழுப்பி, படிப்படியாக மண் நிரப்பி, திராட்சைக் கொடி வளர்ப்பது இம்மக்களின் பழந்தொழில். இப்படித் தோட்டங்கள் கிறித்தவத் துறவிமடங்களின் மேற்பார்வையில் 11ஆம் நூற்றாண்டளவில் உருப்பெறத் தொடங்கின என்பர். 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் லாவோ என வழங்கும் இத்தோட்டப் பரப்பினை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

உழைப்பால் உயர்ந்த இவ்வூரை உலகறியச் செய்தது உழைப்பன்று, ஒரு கதை. ஜெனீவாவிற் பிறந்த தத்துவ ஆசிரியரான ரூசோ, 1761ஆம் ஆண்டில் "ஜூலி" என்னும் நாவலை வெளியிட்டார். பிரபுவின் மகளாகிய ஜூலியும், அவளுக்குக் கல்வி கற்பிக்க வந்த எளிய இளைஞனாகிய சென்-பிரேயும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். தந்தையின் சொல்லுக்கு அமைந்து அவள் வேறொருவரை மணந்து கிளாரன்சில் இல்லறம் நடத்துகிறாள். ஈற்றில், ஏரியில் வீழ்ந்த தன் குழந்தையைக் காக்க நீரிற் பாய்ந்து, அதனால் நோயுற்று உயிர் துறக்கிறாள். கடித வடிவில் எழுதப்பட்ட இந்நூல் ஐரோப்பாவெங்கும் கண்ணீருடன் படிக்கப்பட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் 70க்கும் மேற்பட்ட பதிப்புக்கள் வெளிவந்தன.

படித்தோர் பலர் ஜூலியை உயிரோடு வாழ்ந்த பெண்ணென்றே நம்பினர். நூலின் முன்னுரையிலே ரூசோ, தாம் அப்பகுதிக்குப் பலமுறை சென்றிருந்தும் அப்படியொரு குடும்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதேயில்லை என்றும், இடவருணனை பல இடங்களில் மாறுபட்டுள்ளது என்றும் வெளிப்படையாகவே குறிப்பிட்டிருந்தார். பின்னர் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றிலும், வெவேக்குச் சென்று அந்நிலத்தின் அழகைக் கண்டு மகிழலாம், ஆயினும் தம் கதைமாந்தரை அங்குத் தேடவேண்டா எனப் பொருள்பட அறிவுரை கூறினார். அவ்வறிவுரையை ஏற்றவர் சிலரே. நூலைக் கையிலேந்திய பயணிகள், ஜூலி உலாவிய சோலை எது, சென்-பிரே நின்று அவள் இல்லத்தை நோக்கிய எதிர்க்கரைப் பாறை எது என்று வினவிக்கொண்டு வந்த வண்ணமாயினர்.

அவ்வாறு வந்தோருட் புகழ்பெற்றவர் இருவர், ஆங்கிலக் கவிஞர்களாகிய பைரனும் ஷெல்லியும். அவர்கள் வந்தது 1816ஆம் ஆண்டு. முந்திய ஆண்டில் இந்தோனேசியத் தீவுகளிலுள்ள தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, ஐரோப்பாவில் கோடையே இல்லாதொழிந்த ஆண்டு அது. சூன் மாத இறுதியில் இருவரும் ஒரு படகிலேறி ஏரியை வலம்வந்தனர்; ரூசோவின் நாவலே அவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. எதிர்க்கரையிலுள்ள மெய்யெரி என்ற ஊருக்கு அண்மையில் புயல் வீசிப் படகு கவிழும் நிலையை எய்தியது. ஷெல்லிக்கு நீந்தத் தெரியாது. நாவலிலும் ஜூலியின் படகு புயலில் அகப்பட்டு ஒதுங்குவது அதே கரையில்தான் என்பது வியத்தற்குரியது. உயிர்தப்பிய இருவரும் கிளாரன்சையும் ஷியோன் கோட்டையையும் கண்டனர். பின் லொசான் அருகே மழையினால் தடைப்பட்டுத் தங்கியபொழுது, 16ஆம் நூற்றாண்டில் அக்கோட்டையிற் சிறையிருந்த பொனிவார் என்பவரைக் கருவாகக் கொண்டு பைரன் ஒரு நெடுங்கவிதை இயற்றினார். அதனால் ஷியோன் கோட்டையும் பயணிகளின் பட்டியலில் இடம்பெற்றது.

இப்பயணத்திலே கருதத்தக்க நிகழ்ச்சியொன்றுண்டு. கிளாரன்சில் "ஜூலியின் சோலை" எனக் காட்டப்பட்டுவந்த மரத்தொகுதி வெட்டப்பட்டுவிட்டது. அந்நிலம் சென் பெர்னாட் மடத்துத் துறவிகளுக்குரியது. அவர்கள் மரங்களைத் தறித்துத் திராட்சை நட்டிருந்தனர். பைரன் கடுஞ்சினங்கொண்டு தம் நூற்குறிப்பொன்றில் அத்துறவிகளை வன்மையாகச் சாடினார். கவிஞரின் சினம் விளங்கக்கூடியதே. ஆயினும் எண்ணிப் பார்த்தால், அங்கு வெட்டப்பட்டவை ஜூலியின் மரங்களல்ல, அவளே பிறக்காதவள். நடப்பட்ட கொடிகளோ அவ்வூரில் மெய்யாகவே பயன் தந்தவை. கதையின் மீது வைத்த காதல், கண்முன்னே நின்ற ஊரின் வாழ்வைக் காணாதவாறு பெருங்கவிஞரின் கண்ணையும் மறைத்தது.

அதே ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் பைரன் மறுமுறையும் அங்குச் சென்றார். அவர் நாட்குறிப்பிற் காணப்படும் செய்திகள் இரண்டு நகைப்பிற்கிடமானவை. இத்துணை எழில்மிக்க கரையோரமாக வண்டியிற் சென்ற ஆங்கிலக் குழுவினருள் ஒரு சீமாட்டி நன்கு உறங்கிக்கொண்டிருந்தாள். ஊரைக் காட்டிய வழிகாட்டியோ, நூலை எழுதிய ரூசோவையும் நூலில் வரும் சென்-பிரேயையும் ஓயாது ஒருவரோடொருவர் மாற்றிக் குழப்பினான். வந்தவர் எதனைக் கேட்க விரும்பினரோ அதனையே ஊரார் விற்கத் தொடங்கிவிட்டனர் என்பதற்கு இஃது அடையாளம்.

பின்வந்த ஆண்டுகளில், பயணத்தைத் திட்டமிடுவதே ஒரு தொழிலாக வளர்ந்தது. 1823இல் "வில்லியம் தெல்" என்னும் நீராவிக் கப்பல் ஜெனீவா ஏரியில் ஓடத் தொடங்கியது. சுவிற்சர்லாந்தின் முதல் நீராவிக் கப்பல் அதுவே. பைரனின் கவிதைகளை வெளியிட்ட இலண்டன் மரே பதிப்பகம் 1838இல் சுவிற்சர்லாந்துக்கான பயணக் கைந்நூலை வெளியிட்டது. அதில் பைரனின் அடிகளும் இடம்பெற்றன. 1844இல் ஜெர்மனியின் பேடெக்கர் நூல் வந்தது. 1861இல் லொசானிலிருந்து இக்கரை வழியே புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. 1863இல் தோமஸ் குக் என்பார் ஆங்கிலேயரை ஒரு குழுவாகத் திரட்டிச் சுவிற்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். எங்கே உண்பது, எங்கே உறங்குவது, எதனைக் கண்டு வியப்பது என்பனவெல்லாம் புறப்படுமுன்னரே வகுக்கப்பட்டன. பிரபுக்களுக்கே உரியதாயிருந்த இன்பம் ஆசிரியர்க்கும் எழுதுவினைஞர்க்கும் எட்டியது. இந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது.

கிளாரன்சிலும் கரை நெடுகிலும் விடுதிகள் பெருகின. இன்பம் நாடியவரேயன்றி, அமைதியும் அடைக்கலமும் நாடியவரும் அங்கு வந்தனர். ரஷ்ய இசைமேதை சைக்கோவ்ஸ்கி தமது வயலின் இசைக்கோவையை 1878இல் அங்கிருந்தே இயற்றினார். நாடிழந்த திரான்ஸ்வால் தலைவர் போல் குரூகர் 1904ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் கிளாரன்சில் உயிர்நீத்தார். அவருடைய போர்வீரர் ஆயிரக்கணக்கானோரை ஆங்கில அரசு கைதிகளாகக் கொணர்ந்து 1900ஆம் ஆண்டு முதல் இலங்கையின் தியத்தலாவையில் அடைத்து வைத்திருந்தமையை நினைக்கின், தொலைவிலுள்ள அவ்வேரிக்கரைக்கும் இத்தீவின் மலைநாட்டுக்கும் இடையே ஒரு துயரத்தொடர்பு புலப்படும். 1962இல் கிளாரன்சைத் தன்னகத்தே கொண்டிருந்த ஊராட்சி அயலூராட்சியோடு இணைந்து மொந்திரே நகராட்சியாயிற்று. சிற்றூர் நகரின் ஒரு பகுதியானது.

கதை ஊரை ஆட்கொள்ளும் இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. அதே நாட்டில், பிரியென்ஸ் ஏரிக்கரையில், ஏறக்குறைய 400 பேர் வாழும் இசெல்ட்வால்ட் என்னும் கிராமம் உண்டு. 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில், அக்கிராமத்துச் சிறு படகுத்துறையில் அமர்ந்து நாயகன் பியானோ வாசிக்கும் காட்சி இடம்பெற்றது. அதன்பின் ஆசிய நாடுகளிலிருந்து திரள்திரளாக மக்கள் அத்துறையை நாடி வந்தனர். நெருக்கடி தாங்காத ஊரார், 2023இல் துறையின் முகப்பில் வாயிற்றடுப்பு அமைத்து ஆளுக்கு ஐந்து பிராங்க் கட்டணம் விதித்தனர். பேருந்துகளின் வருகைக்கும் கட்டுப்பாடு கொணர்ந்தனர். ரூசோவின் வாசகர் சோலையைத் தேடினர். தொடரின் நேயர் துறையைத் தேடினர். இடையே கழிந்தவை இரண்டரை நூற்றாண்டுகள்.

அவ்வாறாயின் கதையைப் படித்துவிட்டு ஊரைக் காணச் செல்வது குற்றமா எனின், அன்று. கதை இல்லையேல் கிளாரன்சின் பெயரைத் தொலைதேசத்தார் அறிந்திரார். ஊராரும் வந்தவரால் வாழ்வு பெற்றனர். கதை வாயிலாக இருக்கலாம்; வாயிலிலேயே நின்றுவிட்டு வீட்டைக் கண்டதாகக் கருதுவதே தவறு. அக்கரைக்குச் செல்லத் திட்டமிடுவோர், ரூசோவின் நூலோடு வேறு சில வினாக்களையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும். இக்கற்சுவர்களை எழுப்பியோர் யாவர்? செங்குத்தான சரிவில் மண் அரித்துச் செல்லாவண்ணம் காப்பது எங்ஙனம்? இலையுதிர்காலத் தொடக்கத்திலே பழம் பறிக்கும் நாட்களில் ஊர் எவ்வாறு இயங்குகின்றது? இவற்றுக்கு விடை கைந்நூலிற் கிட்டுவது அரிது. சரிவிலே கூடை சுமந்து ஏறுபவரிடம் பணிவுடன் கேட்டறிதல் வேண்டும். கேட்பவர்க்கு ஜூலியின் ஊர் மட்டுமன்றி, ஜூலிக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியதும் இன்றும் உழைத்துக்கொண்டிருப்பதுமான ஊரும் காட்சி தரும்.