படியெடுத்தலும் பயிலுதலும்

திருக்கோவிலூருக்கும் தியாகதுருகத்துக்கும் இடையே உள்ள ரிஷிவந்தியத்தில், அர்த்தநாரீஸ்வரர் கோயில் மண்டபத் தூண்களின் முன் சிறிது நேரம் நின்றால், இவற்றைச் செதுக்கியவர் யார் என்று கேட்கத் தோன்றும். தூணில் சிற்பியின் பெயர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு குரு இருந்தார் என்பதைத் தூணே சொல்கிறது. கொடியின் சுருளும் இதழின் விரிவும் தலைமுறைகள் பழகிய கையின் வேலை. அதே சுருள் அடுத்த தூணில் சற்றே வேறு விதமாக வளைகிறது. அங்கே சீடனின் கை தெரிகிறது.

அந்தத் தூண்களைக் கண்ட கையோடு கள்ளக்குறிச்சிக்குப் போனோம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரத்து மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நம் வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். நாம் சென்ற பட்டறையில் வாகை மரத் துண்டுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. ஒரு சிறுவன் உளிகளைச் சாணைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். முதலில் உளி தீட்டவேண்டும், பிறகு பூவேலை, அதன்பின் கையும் காலும். முகம் மட்டும் பெரியவரின் உளிக்கே என்றார்கள்.

அப்போது பக்கத்துப் பங்கிலிருந்து சிலர் குடும்பத்தோடு வந்தனர். தேரில் வைக்க அன்னை மரியாவின் சுரூபம் வேண்டும் என்று கூறி, ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினர். ஏதோ ஓர் ஐரோப்பிய ஆலயத்துச் சுரூபம். அச்சு அசலாக இதே போல் இருக்கவேண்டும் என்றனர். பெரியவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “முதுகுப் பக்கம் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தேர் வீதி சுற்றும்போது முதுகும் தெரியுமே என்ற எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. உண்மையைச் சொன்னால், எமக்கும் எழவில்லை.

அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. நம் மறைமாவட்டப் பகுதியில் பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் எழுப்பிய ஆலயங்களில் எத்தனை சுரூபங்கள் கப்பலேறி வந்தவை! அவற்றின் முன் நம் பாட்டிமார் முழந்தாளிட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அவற்றைக் குறைத்துப் பேச எமக்கு நாவெழாது. எனினும் ஒரு பெரும் கலைஞனைப் பார்த்து ஒருவன் செய்த உருவைப் பார்த்து இன்னொருவன் வார்த்த அச்சைப் பார்த்து எடுத்த படத்தைப் பார்த்து இன்று நாம் செய்யச் சொல்கிறோம். இந்த வரிசையில் குரு எங்கே இருக்கிறார்?

இக்கேள்வியைப் பெரிய அளவில் எதிர்கொண்டவர் ஈ.பி. ஹேவல் என்னும் ஆங்கிலேயர். 1884இல் சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமையேற்று வந்தவர் தென்னாட்டுக் கைவினைஞர்களின் வேலையைக் கண்டு வியந்தார். 1896இல் கல்கத்தாக் கலைப்பள்ளிக்குச் சென்றபின், ஐரோப்பியச் சுண்ணச் சிலைகளின் அச்சுகளைப் பார்த்து வரைவதே கல்வி என்றிருந்த முறையை மாற்ற முயன்றார். எதிர்த்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? இந்திய மாணவர்களே. மேனாட்டுக் கலையைத் தங்களுக்கு மறுக்கிறார் என்று சினந்தார்கள். அவர்கள் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்றே கருதுகிறோம். நல்ல குரு எந்த நாட்டவராயினும் குருவே.

ஹேவலின் துணையோடு எழுந்தவர் அபனீந்திரநாத் தாகூர் (1871–1951). இத்தாலிய ஆசிரியரிடம் பயின்றவர், முகலாயச் சிற்றோவியங்களில் தோய்ந்தவர், ஜப்பானிலிருந்து வந்த ஓவியர்களிடம் நீர்வண்ணத்தைக் கழுவிக் கழுவி ஒளியை வரவழைக்கும் முறையைக் கற்றவர். அவருடைய சீடர் நந்தலால் போஸ், 1909 முதல் 1911 வரை ஹெரிங்காம் அம்மையார் அஜந்தா ஓவியங்களைப் படியெடுத்தபோது உதவச் சென்றவர்களுள் ஒருவர். ஆகவே படியெடுத்தல் இழிவன்று. அஜந்தாவின் கோட்டைத் தன் கையால் வரைந்து பார்த்தவன், அந்தக் கோடு ஏன் அங்கே வளைந்தது என்பதைக் கையாலேயே உணர்கிறான். நந்தலால் அங்கேயே நின்றுவிடவில்லை.

இவ்விருவரிடமும் பயிலச் சென்ற கத்தோலிக்கர் ஒருவர் உண்டு. நம்மில் பலர் அவர் பெயரைக் கேட்டிருக்கமாட்டோம். ஏஞ்சலோ த பொன்சேகா 1902இல் கோவாவில் பிறந்தார். மருத்துவப் படிப்பைக் கைவிட்டார். பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்து, அங்கே கற்பித்த மேனாட்டு முறையில் மனம் ஒட்டாமல் வங்கத்துக்குப் போனார். அங்கே புராணக் காட்சிகளை வரையும் குருவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது புராணத்தை அன்று. ஒரு பொருளின் முன் அமைதியாக இருக்கும் பழக்கத்தையும், மெல்லிய வண்ணத்தில் ஒளியை நிறுத்தும் கைத்திறனையும் எடுத்துக்கொண்டார். ஊர் திரும்பி, சேலையுடுத்த மாநிற மரியாவையும், இந்த மண்ணின் முகமுள்ள இயேசுவையும் வரைந்தார்.

கோவாவில் அவருக்குக் கிடைத்தது கண்டனம். தேவதாயை இப்படி வரைவது மரியாதைக் குறைவு என்றார்கள். அவர் வெளியேறிப் புனேயில் ஆங்கிலிக்கன் சபையார் நடத்திய கிறிஸ்து பிரேம சேவா ஆசிரமத்தில் தங்கினார். கத்தோலிக்க ஓவியனுக்குப் பிற சபையாரின் கூரை! இதை எழுதும்போது எமக்குச் சற்றே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எல்லாரும் கைவிட்டார்கள் என்று சொல்வதும் பிழை. வரலாற்றறிஞரான இயேசு சபைக் குரு ஹென்றி ஹெராஸ் அவரை ஊக்குவித்தார். 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 123ஆம் எண், திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொள்ளவில்லை என்று அறிவித்தது. அதற்குப்பின் பொன்சேகா நான்கு ஆண்டுகளே இருந்தார். 1967 டிசம்பரில் புனேயில் காலமானார். அவருடைய ஓவியங்களின் பெருந்தொகுதி பின்னர் கோவாவின் சேவியர் வரலாற்றாய்வு மையத்தை அடைந்தது.

இங்கே நம் ஊர்ப்பக்கத்து மக்களுக்கு ஒரு கேள்வி எழக்கூடும்: சேலையுடுத்த மரியாவில் என்ன புதுமை? விருத்தாசலம் அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையைத் தமிழ்ப் பெண்ணாகவே வணங்கி வருகிறோமே! வீரமாமுனிவர் (1680–1747) தமிழ்ப்பெண் கோலத்தில் அன்னையை வரைவித்து மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்பது அத்திருத்தலத்தின் மரபு. பொன்சேகா இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு பெற்ற வசையை, நம் பாட்டன்மார் பக்தியாகவே வைத்திருந்தார்கள். இத்தாலியில் பிறந்த ஒருவர் நம் புலவர்களிடம் மாணவராக அமர்ந்து கற்றதன் பயன் அது. ஆனாலும் புகைப்படம் ஏந்திப் பட்டறைக்கு வரும்போது கோணான்குப்பம் நம் நினைவுக்கு வருவதில்லை.

அபனீந்திரநாத்தின் இன்னொரு கிளை சென்னையிலேயே தழைத்தது. அவரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பேற்று 1957 வரை இருந்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் படைப்பே, 1959இல் நிறுவப்பட்டது. அந்தப் பாறையையும் முறுக்கேறிய முதுகுகளையும் பார்ப்பவர், இவர் மென்மையான நீர்வண்ண ஓவியரின் சீடர் என்று நம்புவாரா? அவருடைய மாணவர் எஸ். தனபால் மீண்டும் வேறு வழியில், நம் நாட்டுச் செப்புத் திருமேனிகளின் நெளிவை நோக்கிப் போனார்; கிறிஸ்துவையும் வடித்தார். மற்றொரு மாணவர் கே.சி.எஸ். பணிக்கர், பின்னாளில் அப்பள்ளியின் தலைவராகி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார். அவர் கை வேறு. குருவைப்போலவே வரைந்து பேர்பெற்றவர் இந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

புகைப்படக் கருவியைக் குற்றவாளியாக்குவது எம் நோக்கமன்று. நல்ல புகைப்படக் கலைஞனும் குருவாகலாம். படைத்தலைவராயிருந்த லின்னியஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைப் படமெடுக்க விரும்பினார். ஒரே படத்தில் அடங்காது. எனவே ஒவ்வோர் அடியாக நகர்ந்து 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அன்றைய கனத்த கருவியும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் என்ன பாடு என்று எண்ணிப் பாருங்கள். கல்வெட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் அவர் நடந்தார். வானம் வெறுமையாக விழுந்த சில படங்களில் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டவும் செய்தார். அந்தச் சிறு குறும்பையும் சொல்லிவிடவேண்டும்.

பட்டறைக்குத் திரும்புவோம். வந்தவர்கள் இணையத்தில் வேறு படம் தேடலாமா என்று பேசத் தொடங்கியிருந்தனர். பெரியவர் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர்களோடு வந்திருந்த ஓர் இளந்தாயைப் பார்த்தார். அவள் இடுப்பில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, பிள்ளையை அப்படியே வச்சுக்கிட்டுக் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா” என்றார்.

அவள் கூச்சத்தோடு திரும்பினாள். குழந்தையின் கனத்தால் ஒரு தோள் உயர்ந்து, இடுப்பு மறுபுறம் ஒசிந்து, முந்தானை முதுகின் குறுக்கே சரிந்திருந்தது. பெரியவர் உளி தீட்டிய சிறுவனைக் கூப்பிட்டுக் கரித்துண்டை அவன் கையில் கொடுத்தார். அவன் இழைத்த பலகையின் மேல், முதலில் அந்தத் தோளை வரைந்தான்.